படையலுக்கு வந்தவள்

என் அக்கா மாதவிக்குக் கருமாதி நடந்த அன்று, அவள் பெண்கள் சிறையின் தையல் கூடத்தில் உட்கார்ந்து யாருடைய பள்ளிச் சட்டைக்கோ காலர் வைத்துக்கொண்டிருந்தாள். இது ரகசியமில்லை. எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். கோர்ட்டுக்குள் அவளை அழைத்துப் போகும் படம் பத்திரிகையில் வந்திருந்தது. முகத்தை மறைத்திருந்தாள், ஆனால் அவள் எப்போதும் போடும் அந்த ஊதாச் சட்டையைத் தெரியாதவர்கள் எங்கள் லயத்து வீடுகளில் யார்? இருந்தும் அப்பா வீடு வீடாகப் போய், "மாதவி ஜொகூர்ல எக்சிடென்ல போயிட்டா, அங்கேயே எரிச்சிட்டு வந்துட்டோம்" என்று சொன்னார். எல்லாரும் வந்தார்கள். அழுதார்கள். பதினாறாம் நாள் வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு, பாயசத்தை மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

பெற்ற பிள்ளையை வேண்டாம் என்று ஒதுக்கினால் "தலைமுழுகிட்டோம்" என்பார்கள். வாய்ச்சொல்லோடு நின்றுவிடும் விஷயம் அது. எங்கள் அப்பா அமிர்தலிங்கம் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர், எதையும் அரைகுறையாக விடமாட்டார். தலையை மழித்தார். கோயில் பூசாரி சன்னாசி மாமாவை வைத்து முறைப்படி எல்லாம் செய்தார். அக்காவின் அறையிலேயே அவள் படத்தை மாட்டி, மாலை போட்டு, விளக்கு ஏற்றினார். வருஷா வருஷம் அந்தத் திதிக்கு அம்மா அங்கே இலை போட்டுப் படையல் வைப்பாள். வைத்துவிட்டுக் கதவை வெளியே தாழ்போட்டு எல்லாரும் விலகி நிற்க வேண்டும். செத்தவர்கள் வந்து சாப்பிடும்போது உயிரோடு இருப்பவர்கள் பார்க்கக் கூடாது.

போதைப்பொருள் இருந்த பை அக்கா பழகிவந்த ஒருவனுடையது. அதை ஏற்றி வந்த மோட்டார் சைக்கிள் அக்காவுடையது. வழக்கு அவ்வளவுதான். அவன் எங்கே ஓடினான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவனுக்கு யாரும் கருமாதி செய்யவில்லை.

எனக்கு அப்போது ஐந்தாம் படிவம், பள்ளியில் கடைசி வருஷம். "சின்னவ படிக்கணும், நாளைக்கு ஒருத்தன் வந்து கட்டிக்கணும்" என்பது அப்பாவின் நியாயம். என் பேரைச் சொல்லித்தான் அவளைக் கொன்றார்கள். அப்புறம் அப்பா நெஞ்சு வலியில் நிஜமாகவே போய்ச் சேர்ந்தார். அம்மா நாற்றுப் பண்ணையில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்றுகளுக்கு மண் நிரப்பும் வேலையில் இருந்ததால், தோட்டத் தொழிலாளிக்குக் கொடுக்கும் லயத்து வீடு கையைவிட்டுப் போகவில்லை. நான் பல்கலைக்கழகம் போனேன், பட்டம் வாங்கினேன், நீலாயில் ஒரு சரக்குக் கம்பெனியில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. அங்கியோடு எடுத்த படத்தைச் சிறையின் பார்வையாளர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிடித்துக் காட்டியபோது, அக்கா அந்தப் பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "தொப்பி கோணலா இருக்குடி" என்றாள். அந்தப் படத்தைப் பார்த்து என்னிடம் எதையாவது சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

அவளைப் பார்க்கப் போனவள் நான் ஒருத்திதான். விடுமுறைக்கு விடுமுறை போனேன். அந்தக் கண்ணாடி வழியாகத்தான் எனக்கு எல்லாம் தெரியும். அங்கே விளக்கை அணைப்பதே இல்லை. கண்ணுக்கு மேல் துணி போட்டுப் படுத்தால் வார்டர் வந்து எடுக்கச் சொல்வாள், முகம் தெரிய வேண்டும். மாதவிலக்குக்குக் கொடுக்கிற பேட் போதாது, ஒன்றை இரண்டாகக் கிழித்துப் பங்கு போடுவார்கள். கறையோடு வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவளும் பின்னால் நிற்பவளும் நெருங்கி நின்று மறைப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால், எதையும் ஒளித்து வரவில்லை என்று காட்டத் துணி இல்லாமல் குந்தி எழ வேண்டும், அறுபது வயதுக்காரியும் குந்தித்தான் எழ வேண்டும். பக்கத்தில் படுக்கும் லோகேஸ்வரி உள்ளேயே பிள்ளை பெற்றவள். பிள்ளை நடந்து பேசிப் பாட ஆரம்பித்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். வாங்கிக்கொள்ள வீட்டார் யாரும் வராததால் அது ஓர் இல்லத்துக்குப் போயிற்று. அதற்கப்புறம் லோகேஸ்வரி போர்வையைச் சுருட்டி மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள் என்று அக்கா சொன்னபோது, நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன்.

இந்த வருஷம் அவளைப் பரோலில் விட்டார்கள். மிச்சத் தண்டனையை வீட்டில் கழிக்கலாம். ஆனால் முதல் சில நாட்களுக்குள் அதிகாரி வீட்டுக்கே வருவார். வீட்டுக்கு உரியவர், "ஆமாம், இவள் எங்கள் பிள்ளை, இங்கே இருக்கட்டும்" என்று நேருக்கு நேர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவள் திரும்ப உள்ளே போக வேண்டியதுதான். நீலாயில் நான் மூன்று பேரோடு ஓர் அறையில் இருக்கிறேன். சீன வீட்டுக்காரியிடம் கேட்டேன். "பிரிசன் ஆளா? சாரிலா மொய்" என்று தங்கச்சி முறை சொல்லியே கதவைச் சாத்திவிட்டாள். ஆகவே அம்மாதான் சொல்ல வேண்டும்.

சிறை வாசலில் அவளை ஏற்றிக்கொள்ளப் போனேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. நான் ஓட்டிப்போன காடிப் பக்கத்தில் வந்து கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏறுக்கா."

நின்றாள். அப்புறந்தான் எனக்குப் புரிந்தது. யாராவது திறந்துவிட்டால் உள்ளே போவாள். இத்தனை வருஷம் ஒரு கதவையும் அவள் கை திறந்ததில்லை. நான் இறங்கிச் சுற்றி வந்து திறந்துவிட்டேன்.

ரந்தாவ் ஊரைத் தாண்டித் தோட்டத்துச் சாலையில் திரும்பியதும் இரண்டு பக்கமும் செம்பனை கூடி வெளிச்சம் குறைந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். "இருட்டு. எவ்ளோ நல்லா இருக்கு" என்றாள்.

லயத்தில் இப்போது பாதி வீடுகள் காலி. கூரைத் தகரத்தை யாரோ கழற்றிப் போய்விட்டார்கள், சுவர்கள் மட்டும் நிற்கின்றன. கடைசி வீடு எங்களுடையது. அம்மா வாசலில் நின்றாள். என் தோளைத் தாண்டிப் பார்த்தாள். அக்கா நின்ற இடத்தைப் பார்த்தாள், அதையும் தாண்டி மரங்களைப் பார்த்தாள்.

"தனியாவா வந்த?"

"அம்மா!"

"வெயில்ல நிக்காத, உள்ள வா. கதவ சாத்து, கொசு வருது."

நான் அக்காவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அம்மா ஒதுங்கிக்கொண்டாள். கோபத்தோடு ஒதுங்குவது வேறு. நாற்காலியைச் சுற்றி நடப்பதுபோல, இயல்பாக, பார்க்காமலே ஒதுங்கினாள்.

கருமாதி நடந்ததை நான் எந்த விசிட்டிலும் அக்காவிடம் சொன்னதில்லை. அன்றுதான் தன் அறைக்குள் தன் படத்தைப் பார்த்தாள். காய்ந்த மாலை, எரிகிற விளக்கு. கத்துவாள், அழுவாள் என்று காத்திருந்தேன்.

"இது பொங்கலுக்கு எடுத்தது," என்றாள். "ஒரு காதுல தோடு இல்ல பாரேன். அவசரத்துல வந்து நின்னேன்."

நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அங்கேயே தங்கினேன். அம்மா சாப்பாட்டுக்கு இரண்டு தட்டுதான் வைப்பாள். என் தட்டை அக்காவிடம் தள்ளிவிட்டு இன்னொன்று எடுத்துக்கொள்வேன். சாப்பிட்டு முடிந்ததும் மூன்றையும் அம்மா கழுவி வைப்பாள், மூன்றாவது தட்டு எப்படி வந்தது என்று கேட்க மாட்டாள். காலையிலும் மாலையிலும் அக்கா பின்வாசல் படிக்குப் பக்கத்தில் போய், கையைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நேராக நிற்பாள். ஆள் எண்ணும் நேரம். எண்ண ஆள் இல்லை என்பதால் எப்போது போகலாம் என்று அவளுக்குத் தெரியாது. நான் போய்த் தோளைத் தொட்டால்தான் அசைவாள்.

"உனக்குக் கோவம் வரலியாக்கா?"

"அங்கயும் இப்பிடித்தான்லா. நம்பர கூப்புடுவாங்க, மூஞ்சிய பாக்க மாட்டாங்க. பழகிருச்சி."

ஒரு சாயங்காலம் அவளைக் கோயில் பக்கம் நடக்கக் கூட்டிப் போனேன். சன்னாசி மாமா மோட்டாரில் எதிரே வந்து நிறுத்தினார்.

"யாரு, ரோகினியா? அடடே, பட்டதாரியம்மா! தனியா என்னா பேசிக்கிட்டு நடக்குற? படிச்சிப் படிச்சி கழண்டுருச்சா?"

"கண்ணு அவிஞ்சி போச்சா மாமா? அக்கா நிக்குது, தெரியல?"

அவர் அக்கா நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார். சிரிப்பு அப்படியே முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கண் மட்டும் எதையோ தேடிவிட்டுத் திரும்பியது.

"வெளக்கு வெக்கிற நேரத்துல செத்தவங்க பேர சொல்லாத புள்ள" என்று சொல்லிவிட்டு மோட்டாரைக் கிளப்பினார்.

ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். மட்கார்டில் பட்டு டங்கென்றது. "நல்லாதான் குறி பாக்குற" என்றாள் அக்கா. சிரிக்கவில்லை. வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவே இல்லை.

நடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். தோட்டமே சேர்ந்து நடிக்கிறது, பாயசம் குடித்தபோது நடித்ததுபோல. ஆனால் அதற்கு மறுநாள் சாலையோரக் கடையில் ஐஸ் போட்ட தேநீர், இரண்டு தே ஐஸ், கேட்டேன். கடையை நடத்துபவன் பங்களாதேஷ்காரன், வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. எங்கள் குடும்பக் கதை அவனுக்கு எங்கே தெரியும்? ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டு, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "காக்கா, இது யாருக்கு? கட்டித் தரவா?" என்று மலாயில் என்னை அக்கா முறை வைத்துக் கேட்டான். அக்கா எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். தூணுக்குக் கொஞ்சம் பின்னால் நின்றிருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றே அம்மாவைப் பிடித்தேன். குசினியில் நெத்திலி உரித்துக்கொண்டிருந்தாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை பரோல் அதிகாரி வராங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லணும். ஒரே ஒரு வார்த்த."

"வெள்ளிக்கிழம திதி. எனக்கு வேல இருக்கு."

"யாருக்குத் திதி? அந்தா கொல்லையில துணி அலசிக்கிட்டு இருக்கா, அவளுக்கா?"

அம்மா நெத்திலித் தலையைக் கிள்ளிக் கீழே போட்டாள். "என் மக வருஷந் தவறாம வந்து சாப்புட்டுட்டுப் போறா. நீ ஒரு வருஷமாச்சும் வந்து பாத்தியா? படிச்சவ, ஒனக்கு வெக்கம்."

"பூனம்மா அது! சன்னல் வழியா பூன பூந்து தின்னுட்டுப் போவுது!"

"பூன மீன தின்னுட்டு முள்ள எல ஓரத்துல வரிசையா அடுக்கி வெக்குமா?"

சின்ன வயதிலிருந்து மீன் முள்ளை அப்படி அடுக்குவது அக்காவின் பழக்கம். அதற்காக அப்பாவிடம் அடிகூட வாங்கியிருக்கிறாள்.

"போன வருஷம் வந்தப்ப கையில தீக்காயம்," அம்மா தொடர்ந்தாள். குரல் இளகியிருந்தது. "கொப்புளம் கொப்புளமா. பாவம் எம்புள்ள. மஞ்ச அரச்சித் தடவி உட்டேன்."

நான் எழுந்து அறைக்குப் போனேன். படத்தின் கண்ணாடியில், வலது மணிக்கட்டுக்கு மேலே, மஞ்சள் விழுது காய்ந்து வெடித்துக் கிடந்தது.

தையல் கூடத்து இஸ்திரிப் பெட்டி அக்காவின் வலது மணிக்கட்டில் போன வருஷந்தான் விழுந்தது. கட்டுப்போட்ட கையைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தூக்கிக் காட்டினாள். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சிறையைப் பற்றி ஒரு சொல் எடுத்தாலும் அம்மா எழுந்து போய்விடுவாள். வேறு யார் சொல்லியிருக்க முடியும்? யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

கொல்லையில் அக்காவுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன். அவள் துணியைப் பிழிந்துகொண்டே, நான் கேட்காமலே சொன்னாள்.

"வருஷத்துல ஒரு நாளு எனக்கு அங்க பசிக்காது ரோகி. தட்டத் தொட மாட்டேன். வயிறு கல்லு மாதிரி நெறஞ்சிருக்கும். கைய எத்தன தடவ கழுவுனாலும் வெரல்ல மீன் கொழம்பு வாசம். லோகேஸ்வரி என்னை மோந்து பாத்துட்டுத் தள்ளிப் படுத்துக்குவா. 'உம்மேல சாம்பிராணி வாட அடிக்குதுடி'ம்பா. அங்க எங்கேருந்து சாம்பிராணி?"

"எந்த மாசம்?"

"ஒரே நாளு இல்ல. ஒரு வருஷம் மெர்டேக்காவுக்கு முன்னுக்க. இன்னொரு வருஷம் மெர்டேக்கா பாட்டெல்லாம் பாடி முடிச்சப்பறம். ஏன்?"

ஆகஸ்ட் கடைசியில் வரும் சுதந்திர தினத்தை ஒட்டி, திதி அப்படித்தான் முன்னும் பின்னும் நகரும்.

"அது வந்துட்டுப் போனா, ஏதாச்சும் ஒன்னு மறந்து போயிரும். மொத தடவ அப்பாவோட கொரலு. அப்பறம் எனக்குப் புடிச்ச பாட்டெல்லாம். போன வருஷம் சிரிக்கிறதே எப்பிடின்னு தெரியாம போச்சி. மத்தவங்க சிரிக்கிறப்ப வாயப் பாத்துக்கிட்டு இருப்பேன். எங்கியோ வெச்சிட்டு வந்துட்ட மாதிரியே இருக்கும்."

"எங்க வெச்சிட்டக்கா?"

அவள் துணியை உதறினாள். தன் அறையின் சன்னலைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை அம்மா விடிந்ததும் குளித்துவிட்டுச் சமைத்தாள். மீன் குழம்பு, நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை, அக்காவுக்குப் பிடித்த புளிச்சாறு. வீடு முழுக்க மணந்தது. மத்தியானத்துக்கு மேல் அதிகாரி வருவதாகச் சொல்லியிருந்தார். வெளியே மழை கட்டி நின்றது, பெய்யவில்லை. நான் அம்மாவின் பின்னாலேயே நடந்தேன். கெஞ்சினேன். அப்புறம் கத்தினேன்.

"அவங்க கேக்கறப்ப 'எம்மக'ன்னு மட்டும் சொல்லுங்க. அப்பறம் உங்க சாமிகிட்ட எதவேணா சொல்லிக்கிங்க!"

அம்மா இலையைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு ரெண்டு மூத்த மக கெடையாது. ஒருத்திதான். அவ அறைக்குள்ள இருக்கா," என்றாள். பிறகு, அக்கா வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அவள் நின்ற பக்கம் தாடையை ஆட்டிக் காட்டினாள். "இதுக்கு இங்க எடம் வேணும்னா, உள்ள போயி அவகிட்டயே கேட்டுக்கட்டும்."

இது. பெற்ற பெண்ணை 'இது' என்றாள். நான் அறைக்குள் பாய்ந்து படத்தை ஆணியிலிருந்து தூக்கினேன். உடைக்கத்தான் போனேன். அக்கா பின்னால் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது.

"வேணாம் ரோகி. வெச்சிரு."

"பைத்தியமா உனக்கு? உன்னைப் பொணம்ங்கிறா!"

"நான் திரும்ப அங்க போவ மாட்டேன். அந்த லைட்டுக்குக் கீழ என்னால இன்னொரு நாளு படுக்க முடியாது. எதவேணா செய்யிறேன். அவகிட்ட கேக்கணுமா? கேக்குறேன்."

படத்தை வாங்கி ஆணியில் மாட்டினாள். இலைக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"வெளிய சாத்திருங்கம்மா."

அம்மா சாம்பிராணியைக் காட்டிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். தாழ் விழுந்த சத்தத்தோடு உள்ளே ஒரு பெருமூச்சு கேட்டது. நிம்மதியான மூச்சு. வெளியிலிருந்து பூட்டிய ஒரு கதவுக்குப் பின்னால் என் அக்கா நிம்மதியானாள். அதைக் கேட்டதும் தாழில் கை வைத்தேன். அம்மா முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"சாப்புடற நேரத்துல தெறக்கக் கூடாது."

பிறகு உள்ளே பேச்சு. அக்காவின் குரல்தான். அது கேட்டது, அதுவே பதிலும் சொன்னது. ஆனால் பதிலுக்காகக் காத்திருந்தது. ஒரே ஆள் பேசினால் காத்திருக்கத் தேவையில்லையே. சொற்கள் பிடிபடவில்லை. ஒரு தடவை "லைட்டு" என்று கேட்டது. ஒரு தடவை என் பெயர். அப்புறம் யாரோ விம்மி விம்மி அழுதார்கள், வாயைப் பொத்திக்கொண்டு அழுவதுபோல, பக்கத்தில் படுத்திருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று அழுவதுபோல. அது நின்றது. அதற்கப்புறம் ஒரு சிரிப்பு. கலகலவென்று, நான் ஐந்தாம் படிவத்தில் கடைசியாகக் கேட்ட சிரிப்பு.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டியா?" என்றாள். "இதான் எம்மக."

வாசலில் காடி வந்து நின்றது. அதிகாரி ருமைசா பினாங்குத் தமிழ் முஸ்லிம், எங்களைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார். செருப்பைக் கழற்றிவிட்டு, தலையை மூடிய தூடோங்கைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார்.

"வணக்கம்மா. நல்லா மணக்குதே! மாதவி எங்க?"

"உள்ள சாப்புடறா புவான். இப்ப முடிச்சிருவா. ஒக்காருங்க." அம்மா மலாய் மரியாதை மாறாமல் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"நேரா கேட்டுடறேன்மா, தப்பா நினைக்காதீங்க. மாதவி உங்க மகதானே? இங்கேயே தங்க உங்களுக்குச் சம்மதமா? பிற்பாடு பிரச்சினை வரக் கூடாது."

"பெத்தவகிட்ட சம்மதம் கேக்குறீங்களே புவான்! எம் மூத்த மக. இது அவ வீடு. அவள உட்டுட்டு நான் எங்க போவ?"

நான் பிச்சை கேட்டுக்கொண்டிருந்த வார்த்தைகள். கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டன. ஆனால் நான் தாழ்போட்ட கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ருமைசா கையிலிருந்த பலகைக் கணினியில் எதையோ தட்டினார். அம்மா போய்த் தாழை எடுத்தாள்.

இலை துடைத்தாற்போல் காலியாக இருந்தது. ஓரத்தில் முள் வரிசையாக இருந்தது. அக்கா எழுந்து கதவை நன்றாகத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கன்னத்தில் குழி விழுந்தது.

"வாங்க, ஒக்காருங்க. அம்மா, வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்தீங்களா? எப்பவும் இப்பிடித்தான் இவங்க." என்னைப் பார்த்ததும் கையைத் தட்டினாள். "யேய் ரோகி! என்னாடி இவ்ளோ வளந்துட்ட? ஸ்கூலு முடிஞ்சிருச்சா? மேல என்னா படிக்கப் போற?"

ருமைசா சிரித்தார். அக்கா தங்கை கேலி என்று நினைத்துக்கொண்டார்.

நான் அக்காவின் வலது மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினேன். தழும்பு இருந்தது. அதன்மேல் ஈர மஞ்சள்.

"இது எப்பிடி ஆச்சி?"

"அடுப்புல சுட்டுக்கிட்டேன்லா. அம்மா மஞ்ச போட்டாங்க. விடுடி, வலிக்கிது."

"லோகேஸ்வரி யாரு?"

"எந்த லோகேஸ்வரி?" உண்மையாகவே யோசித்தாள். "தமிழ்ப் பள்ளியில என்கூட படிச்சாளே, அந்தக் குண்டு லோகேஸ்வரியா? அவளுக்கு என்னா?"

நான் அவளை விட்டுவிட்டு அறைக்குள் போனேன். சாம்பிராணிப் புகை இன்னும் கலையவில்லை. இலை, விளக்கு, படம். வேறொன்றுமில்லை. ஆனால் திரும்பும்போது, திறந்த கதவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த மூலையில், யாரோ கையைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நேராக நிற்பதுபோல் இருந்தது. பார்த்தால் இல்லை. பார்வையை எடுத்தால் நின்றது. சிறைச் சோப்பின் வாடை அடித்தது, விசிட் கூடத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்கூட வரும் அந்த வாடை.

"அக்கா," என்று மெல்லக் கூப்பிட்டேன். "அக்கா, நாந்தான்."

"அங்க யாரடி கூப்புடற?" அம்மா வாசற்படியில் நின்றாள். "ஒங்கக்கா இங்க எங்கூட நிக்கிறா. வெளிய வா."

நான் வெளியே வந்ததும் கதவைச் சாத்தினாள்.

அதற்கப்புறம் எல்லாம் சுலபமாகிவிட்டது. தோட்டம் முழுக்க அக்காவைப் பார்த்தது. சன்னாசி மாமா கோயிலில் அவளுக்கு மாலை போட்டு, "எப்பம்மா வந்த ஜொகூர்லேருந்து?" என்று கேட்டார். எரித்து முடித்த பெண் எப்படி வந்தாள் என்று அவரும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. பங்களாதேஷ் கடைக்காரன் அவளுக்கு ஐஸ் அதிகம் போட்டுத் தருகிறான். அவள் அம்மாவோடு நாற்றுப் பண்ணைக்கு வேலைக்குப் போகிறாள். விளக்கை அணைத்தால் உடனே தூங்கிவிடுகிறாள். இரவு ஒருநாள்கூட விழித்துக்கொள்வதில்லையாம், அம்மா பெருமையாகச் சொன்னாள். தனக்குப் பிடித்த பழைய பாட்டுகளைப் பாடுகிறாள், என் சடையை இழுக்கிறாள். என்னிடம் பிரியமாகத்தான் இருக்கிறாள். பள்ளிக்கூடத்துத் தங்கையிடம் வைத்த பிரியம் அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு போனில் என்னை வளர்த்தவள் இவள் இல்லை.

இவளைக் கூட்டிக்கொண்டு மாதம் ஒரு தடவை சிரம்பானுக்குப் போய் ருமைசாவின் முன்னால் ஆஜர்படுத்த வேண்டும். ஏன் போகிறோம் என்று முதல் தடவை காடியில் கேட்டாள். "ஒரு கையெழுத்துக்கா" என்றேன். "சரிலா" என்று சன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள். அங்கே போனதும் கேட்ட கேள்விக்கெல்லாம் தலையாட்டினாள். அடுத்து உட்காரக் காத்திருந்த பெண் சுவரைப் பார்த்தபடி நின்றாள், ருமைசா இரண்டு தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள்.

அக்கா கழிவறைக்குப் போனபோது ருமைசா என் பக்கம் சாய்ந்தார்.

"உங்ககிட்ட சொல்லணும். எங்கிட்ட வர்ற பொம்பளைங்க பல பேரு இருட்டுல தூங்க முடியாம தவிக்கிறாங்க. சோறு வெச்சா, சாப்பிடச் சொன்னாதான் சாப்பிடறாங்க. வீட்டுல மனுஷரா மதிக்க மாட்டாங்க. மாதவியப் பாருங்க, உள்ள போன சுவடே இல்ல. உங்கம்மாதான் காரணம். எல்லா வீடும் இப்படி இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல."

சுவடே இல்லை. அந்தச் சுவட்டைச் சுமந்தவள் ஒருத்தி இருந்தாள். கிழித்த பேட்டும், குந்தி எழுந்த கூச்சமும், கண்ணுக்கு மேல் துணி போட முடியாத இரவுகளும் அவளுடையவை. அவளுக்கு எங்கள் வீட்டார் ஒரு தடவை பொய்யாகக் கருமாதி செய்தார்கள். இந்தத் தடவை பொய் இல்லை. அதை இப்போது நான் ருமைசாவிடம் சொல்லலாம். "இவங்க என் அக்கா இல்ல, இவங்களுக்குச் சிறையே ஞாபகமில்ல" என்று சொல்லலாம். சொன்னால் டாக்டரிடம் அனுப்புவார், குறிப்பு எழுதுவார், வீட்டை மறுபடி சோதிப்பார். கடைசியில் ஒரு காலையில் அந்த வெளிச்சத்துக்குள் இவளைத் திருப்பி அனுப்புவார்கள், எங்கே கொண்டு வந்திருக்கிறார்கள் என்றே தெரியாத இவளை. அந்த வெளிச்சத்துக்குத் திரும்பக் கூடாது என்றுதான் என் அக்கா அறைக்குள் போனாள். அது ஒன்றுதான் அவள் கேட்டது.

ருமைசா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, வீட்டுல வேற ஏதும் பிரச்சினை இருக்கா?"

"இல்ல புவான்," என்றேன். "எல்லாம் நல்லாதான் போவுது."